பிளேடு உடையாது என்று எழுதிக் கொடுத்தேன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில், ஒரு பிளாஸ்டிக் அரவைக் கொட்டகையின் சுவரில் நான் கையெழுத்துப் போட்ட தாள் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சாமிக்கு வைத்த குங்குமத்தை அதற்கும் வைத்திருந்தார்கள். அந்தத் தாளை நம்பி ஒரு பெண் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷினின் வாய்க்கு நேராக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஏதாவது ஆனால் அது நான் செய்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அப்பாவும் அம்மாவும் திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தும் மிளகாய் வத்தல் பறித்தும் என்னைப் படிக்கவைத்தார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிற வேலை எனக்கு. தறிக்கு உதிரி பாகமும் பிளாஸ்டிக் அரைக்கிற மிஷினும் செய்யும் பட்டறை. ஆண்கள் இருபது பேர், பொம்பளை நான் ஒருத்தி. முதல் இரண்டு வருஷம் டீ வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாவது வருஷம் ஒருவன் மேல் டீயை ஊற்றினேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அரவை மிஷின் என்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மேலே சாய்வாக ஒரு வாய். உள்ளே இரும்பு உருளை. உருளையில் முழங்கை நீளத்துக்கு மூன்று பிளேடுகள். ஓரத்தில் அசையாத பிளேடுகள் இரண்டு. உருளை சுற்றும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கும். உடைந்த குடம், நாற்காலி, காட்டில் பழுதாகிக் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய், எதைப் போட்டாலும் அந்த இடைவெளியில் மாட்டிக் குருணையாகி, சல்லடை வழியாகக் கீழே கொட்டும். நிமிஷத்துக்கு ஐநூறு சுற்றுக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு பிளேடையும் பிடித்திருப்பது மூன்று போல்ட். அவ்வளவுதான். அந்த வேகத்தில் ஒரு பிளேடு உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று கேட்டால், வெளியே வர ஒரே வழிதான் இருக்கிறது. அது அந்த வாய்.

அதனால் பிளேடின் வலுவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிளேடைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, போல்ட் இருக்கும் இடத்தை அசையாமல் கட்டிப்போட்டு, வெட்டும் விளிம்பில் இவ்வளவு விசை என்று கொடுத்தால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று கலராகக் காட்டும். நீலம் என்றால் கவலையில்லை. சிவப்பு என்றால் போகப்போவது அங்கேதான். நான் வரைந்த பிளேடு முழுக்க நீலமாக வந்தது. போல்ட் துளைகளின் ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள். வரும் விசையைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கும் என்று வந்தது. கணக்கில் தப்பில்லை. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

தப்பு வேறு இடத்தில். மிஷினை வாங்கியவர் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. ஏழெட்டு ஏக்கர் கரிசலில் விவசாயம். மழையை நம்பி நம்பிச் சலித்துப்போய், ரோட்டோரமாக இருந்த காட்டில் கொட்டகை போட்டார். மிஷினை ஏற்ற வந்த அன்று என் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். "படம் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கும் வெளங்குற மாதிரி தமிழ்ல ரெண்டு வரி போட்டுக் குடும்மா" என்றார். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். முதல் பக்கத்தின் அடியில் பேனாவால் எழுதினேன்: 'இந்த மிஷினின் பிளேடு உடையாது. தாராளமாக ஓட்டலாம்.' கீழே கையெழுத்து.

இங்கிலீஷ் பக்கங்களில் எந்த இரும்பு, எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு என்று எல்லாம் இருந்தது. இந்த இரும்புக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்றும் இருந்தது. தமிழில் எழுதிய இரண்டு வரியில் அது எதுவும் இல்லை. அவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டார்.

ஏழு மாதம் கழித்து நான் அங்கே போனேன். சல்லடையின் கண் பெரிதாகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். அளவெடுக்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சத்தம் கேட்டது. அரவை மிஷின் சத்தம் எனக்குப் பழக்கம். கட்டையை இழுத்துப்போடுகிற மாதிரி கரகரவென்று இருக்கும். இது அப்படியில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே ஒரு கிணுகிணுப்பு இருந்தது. வெண்கலத்தைத் தட்டுவதுபோல. வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நடையை எட்டிப் போட்டேன்.

சம்சாரி சந்தோஷமாக இருந்தார். பிளேடு இப்போதெல்லாம் மழுங்குவதே இல்லை என்றார். சொட்டுநீர்க் குழாயில் ஒட்டியிருக்கும் மண்ணும் பொடிக்கல்லும் பிளேடை வாரத்தில் மொட்டையாக்கிவிடும். எங்கள் பட்டறைக்குக் கழற்றிக் கொண்டுவந்து தீட்டி, திரும்ப எடுத்துப்போய் மாட்ட இரண்டு நாள் வீணாகும். அதனால் மல்லாங்கிணறு போகும் வழியில் இருக்கும் ஓர் இரும்பு ஆசாரியிடம் கொடுத்து, லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துப் புதிதாகவே மூன்று பிளேடு செய்து மாட்டிவிட்டாராம். பட்டை கனம் பத்தவில்லை, அதனால் அடியில் தகடு கொடுத்திருக்கிறதாம். ஒரு மாதமாகத் தீட்டவே இல்லை என்றார்.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். வாய்க்குள் கையை விட்டு, பையிலிருந்த சின்ன அரத்தை எடுத்து பிளேடின் நடுவில் உரசிப் பார்த்தேன். அரம் கடிக்கவில்லை. கண்ணாடியில் உரசியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. விளிம்பு மட்டுமல்ல, முதுகு, போல்ட் ஓரம், எல்லா இடமும் அப்படித்தான். போல்ட்டுக்கான நீளத்துளையை கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். மூலைகள் கத்தி முனைபோல் கூராக இருந்தன.

பட்டறை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் விறைத்துக்கொள்ளும். விறைத்த இரும்பின் கூர் போகாது. ஆனால் வளையவும் வளையாது. அடி விழுந்தால் கண்ணாடிபோலப் போய்விடும். கூரான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். என் பிளேடு கொஞ்சம் மழுங்கும், ஆனால் அடியைத் தாங்கும். இது மழுங்காது. ஒரு நாள் வெடிக்கும்.

அப்போதுதான் வாய்க்கு நேராக நின்றிருந்த அக்காவைச் சரியாகப் பார்த்தேன். நாற்பது நாற்பத்தைந்து வயது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் முண்டாசு, மூக்கை மறைத்து ஒரு துண்டு. அதற்கு முன்னால் கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டியவர். குழாய்களை ஆள் நீளத்துக்கு அறுத்து, கட்டாகக் கட்டி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து வாய்க்குள் தள்ளுவதுதான் வேலை. வாயில் தொங்கவேண்டிய கனத்த ரப்பர் பட்டைகளைக் காணோம். குழாய் சிக்குகிறது என்று அறுத்துவிட்டார்களாம். திறந்த வாய். அதற்கு நேரே அவர் நெஞ்சு.

நான் அவரிடம், இந்த பிளேடு இருக்கும்வரை இப்படி நேராக நிற்காதீர்கள் என்றேன். அவர் துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தார். சுவரைக் காட்டினார்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் தங்கச்சி. தெனமும் அதத்தான பாத்துக்கிட்டு நிக்கேன். உடையாதுன்னு நீதான எழுதியிருக்க?"

அது வேறு பிளேடுக்கு எழுதியது என்றேன். "அது எங்க போட்டுருக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எங்கே போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சம்சாரியிடம் சொன்னேன். அவர் முதலில் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் பட்டறைக்குத் தீட்டும் வேலை போய்விட்டது, அதனால் சொல்கிறாய் என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். என் அப்பா அவருடைய பங்காளி காட்டில் வேலை பார்த்தவர் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லப்போகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். நான் அளவெடுக்காமலே பஸ் ஏறினேன்.

மறுநாள் கணக்கை மறுபடி போட்டேன். பட்டையின் கனம், அடியில் கொடுத்த தகடு, கேஸில் அறுத்த மூலை, விறைத்த இரும்பு, குழாயோடு ஒரு கல்லோ கம்பியோ சேர்ந்து விழுந்தால் வரும் அடி, எல்லாவற்றையும் கொடுத்தேன். துளையின் மூலைகளில் சிவப்பு வந்தது. எத்தனை நாளில் உடையும் என்று அந்தக் கணக்கு சொல்லாது. அதுதான் இதில் மோசம். நாளைக்கே உடையலாம், ஆறு மாதம் ஓடலாம். ஓடுகிற ஒவ்வொரு நாளும், உடையாது என்று சொல்கிறவன் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

பிரின்ட் எடுத்துக்கொண்டு எங்கள் முதலாளியிடம் போனேன். இதைப் பட்டறை பெயரில் கொடுக்க வேண்டும், முதல் தாளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த இரண்டு தமிழ் வரியோடு என் முதல் அறிக்கையை அன்றே நகலெடுத்து வைத்து, அதற்குப் பிறகு விற்ற எட்டு மிஷின்களுக்கும் அதையே கொடுத்து அனுப்பியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"ஒரு எடத்துல தப்புன்னு எழுதிக் குடுத்தா, எட்டுப் பேரும் வாசல்ல வந்து நிப்பாகம்மா" என்றார்.

வரட்டும், வந்து கேட்கட்டும் என்றேன். அவர் பிரின்ட்டை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார். எட்டு வாய்கள், எட்டுப் பேர் நெஞ்சு என்று என் மனசில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரியைத் தேடிப் போனேன். திட்டத்தான் போனேன். பட்டறைக்கு முன்னால் அருவாள்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. எல்லாம் கருவேலம் வெட்டுகிற அருவாள். அறுபது வயதிருக்கும் அவருக்கு. நான் விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு காய்ந்த கருவேலக் கட்டையைத் தூக்கி வந்து காட்டினார். கட்டையின் கணுவில் ஒரு வெட்டு ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று பிளேடையும் இந்தக் கணுவில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன், ஒரு பல்கூட விழவில்லை என்றார். அவர் ஊருக்கு அதுதான் பரீட்சை. காய்ந்த கருவேலக் கணுவில் வாய் மடங்காத இரும்பு நல்ல இரும்பு. அப்படி வரவேண்டும் என்றால் முழு விறைப்பில் விடவேண்டும். சம்சாரி மழுங்கக்கூடாது என்று சொன்னதால் பழுத்த பிளேடுக்கு முதுகு வரைக்கும் தண்ணீர் காட்டியிருக்கிறார். அருவாளுக்கு வெட்டும் வாயில் மட்டும்தான் காட்டுவாராம்.

மிஷினின் உருளை எப்படிச் சுற்றும் என்று அவர் பார்த்ததே இல்லை. நான் தரையில் கரித்துண்டால் படம் போட்டேன். நிமிஷத்துக்கு எத்தனை வெட்டு என்று சொன்னேன். அவர் குனிந்து, நான் போட்ட உருளையின் மேல் விரலைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்.

"அருவா ஒரு வெட்டு வெட்டிட்டு நிக்கும். மறு வெட்டுக்கு மூச்சு வாங்கும். இது நிக்காம அடி வாங்குதே. இத யாரும் எங்கிட்டச் சொல்லலையே தாயி" என்றார்.

கொண்டுவரச் சொல்லுங்கள், மறுபடி இளஞ்சூடு காட்டி விறைப்பைக் குறைத்துத் தருகிறேன், மூலைகளை அரத்தால் உருட்டிவிடுகிறேன், அரை நாள் வேலை என்றார். கூர் முன்னைப்போல நிற்காது, அதை மட்டும் சம்சாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. படித்த என் முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேசி நடக்காதது, கரித்துண்டுப் படத்தில் நடந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கொட்டகைக்குப் போனேன். சிவப்புப் படத்தைச் சம்சாரியிடம் கொடுத்தேன். வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, போன தடவ நீலமாக் குடுத்த, இந்தத் தடவ செவப்பாக் குடுக்குற. நீல மையி தீந்துபோச்சா?"

குருணை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆசாரி சொன்னதைச் சொன்னேன். ஆசாரி பேரைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. சரி, இந்த லோடு முடியட்டும், அடுத்த வாரம் கழற்றுகிறேன் என்றார். வாசலில் மலைபோலக் குழாய் குவிந்து கிடந்தது. அடுத்த வாரம் இன்னொரு லோடு வரும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதே இடத்தில் நின்றிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையிலிருந்த குழாய்க் கட்டைக் கீழே போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். என்ன என்று சம்சாரி கேட்டார். அக்கா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. நீங்க ஒரு மணி நேரம் அந்த எடத்துல நில்லுங்க. பெறகு நான் வாரேன்."

குருணை அள்ளுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சம்சாரி மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அந்த நிமிஷமே கழற்றச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மனுஷனை நான் சரியாகக் கணக்குப் போடவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். போய் வாய்க்கு நேராக நின்றார். முதல் கட்டை எடுத்துத் தள்ளினார்.

ஒரு மணி நேரம் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷத்துக்குப் பிறகு அவர் நிற்பது மாறியது. கட்டைத் தள்ளிவிட்டுத் தன்னை அறியாமல் அரை அடி விலகினார். பிறகு நாங்கள் பார்க்கிறோம் என்று நினைவு வந்து திரும்ப நேரே வந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை உள்ளே கல் ஏதோ மாட்டி டங்கென்று ஒரு சத்தம். அவர் கண்ணை மூடியதைப் பார்த்தேன். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதே நேரம் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அவர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் ஜெயித்த குரலில், "போதுமா? போய் நில்லு" என்றார்.

அக்கா எழுந்தார். சொன்ன சொல்லுக்காக எழுந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் முதல் கட்டைத் தூக்கியபோது என் தலைக்குள் என்னமோ அறுந்தது. நான் நேராக மெயின் பெட்டிக்குப் போய் சுவிட்சை இறக்கினேன். மூடியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தேன். உருளை சுற்றி ஓய்கிற சத்தம் பின்னாலேயே வந்தது. சம்சாரி கத்தினார். என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். என் அப்பாவைப் பற்றியும் அதில் வந்தது. பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். செய்தது தப்புதான். அடுத்தவர் இடத்தில் புகுந்து கையை வைத்தது தப்புதான். இன்னொரு தடவை நேர்ந்தாலும் செய்வேன்.

பியூஸ் கட்டை கடையில் கிடைக்கும். அன்று சாயங்காலமே வாங்கி மாட்டியிருக்கலாம். அவர் மாட்டவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பட்டறை வாசலில் அவருடைய வண்டி நின்றது. சாக்கில் சுற்றிய மூன்று பிளேடுகளை என் மேஜையில் தொப்பென்று போட்டார். "ஏறு வண்டியில. ஆசாரிகிட்டப் போவோம்" என்றார். ஏன் மனசு மாறினார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

ஆசாரி பிளேடை உடனே உலையில் வைக்கவில்லை. ஒரு கம்பியைத் துளையில் கோத்துத் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டினார். முதல் பிளேடு கோயில் மணிபோல இழுத்துக்கொண்டு பாடியது. இரண்டாவதும் பாடியது. மூன்றாவதைத் தட்டினார். தொக் என்று ஒரு சத்தம். கீறல் விட்ட மண்பானையைத் தட்டியதுபோல. மறுபடி தட்டினார். தொக்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. அதைக் கழற்றி, பட்டடைக்கல்லின் விளிம்பில் வைத்து, ஒரே ஒரு அடி அடித்தார். இரண்டாகப் போனது.

உடைந்த முகத்தை வெயிலில் காட்டினார். துளையின் மூலையிலிருந்து ஆரம்பித்து முக்கால்வாசி தூரத்துக்குக் கறுத்துத் துருவேறியிருந்தது. மீதிக் கால்வாசி மட்டும் புது உப்புபோலப் பளபளவென்று இருந்தது. கறுத்த பகுதி பல நாளுக்கு முன்பே விட்டுப்போனது. இத்தனை நாளும் அந்தப் பிளேடைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பளபளப்பு மட்டும்தான். அகலம் என் இரண்டு விரல்.

சம்சாரி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "நேத்து நான் நிக்கும்போதும் இப்பிடியேதான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் ஆசாரி. சம்சாரி தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாதி கீழே சிந்தியது. அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் குறைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அது அதிக நேரம் நிற்கவில்லை. வண்டிக்குத் திரும்பும்போது என்னைத் தனியாக நிறுத்திக் குரலை இறக்கினார்.

"இத அவகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. பயந்து வராமப் போயிருவா. வேற ஆளு கெடைக்காது."

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். உடைந்த துண்டில் ஒன்றை ஆசாரியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வாசலில் குத்தவைத்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிட்டாயே என்று முதலில் ஏசினார். ஏசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு துண்டை அவர் கையில் கொடுத்து, கறுப்பு எது, வெள்ளை எது என்று சொன்னேன். அவர் கனம் பார்த்தார். எழுந்து நின்று, மிஷினின் வாய் எவ்வளவு உயரம் என்று கையால் காட்டி, துண்டைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் கீழே இறக்கினார். திரும்ப மேலே ஏற்றினார்.

"மொதலாளி நின்னாகளே. அவுகளுக்கும் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன்.

"தெரிஞ்சிருந்தா நின்னுருப்பாகளா?"

நிற்கமாட்டார் என்றேன்.

"என்னய நிக்கச் சொல்லிருப்பாகளா?"

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார் என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். புளியங்கொட்டை ஒன்று தெறித்துத் தெருவுக்குப் போனது. அதை எடுக்கவில்லை.

நாலு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்குள் ஆசாரி இரண்டு பிளேடின் விறைப்பைக் குறைத்து, உடைந்ததற்குப் பதில் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் நாள் போனார். கரிமூட்டத்தில் அப்போது வேலை இல்லை. போவதற்கு முன், வாயில் ரப்பர் மாட்டினால்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாட்டினார்கள். நீளமான கவைக்கம்பு ஒன்று வெட்டிக்கொண்டு போய், பக்கவாட்டில் நின்று அதால் தள்ளுகிறார். கருவேலமுள்ளை ஒதுக்குகிற கம்பு அது. பழைய தாளை நான் சுவரிலிருந்து கழற்றிக் கிழித்தேன். சட்டத்தில் யாரோ நடிகர் படம் வைத்துவிட்டார்கள்.

மற்ற எட்டு இடங்களுக்கும் முதலாளி ஆள் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பஸ் ஏறிப் போகிறேன். இதுவரை ஐந்து பார்த்துவிட்டேன். மூன்றில் எங்கள் பிளேடு. ஒன்றில் மிஷினே இல்லை. ஒன்றில் வேறு ஏதோ இரும்பு. அந்த ஆள் என்னை உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். இப்போது புது மிஷின்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுக்கிறேன். எந்த இரும்பு, எப்போது மாற்ற வேண்டும், எங்கே நிற்கக்கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. அதை யாரும் சட்டம் போடுவதில்லை.

அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகும்போது பஸ் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டே போவேன். மிஷின் சத்தம் கேட்டால் அப்படியே போய்விடுவேன். கேட்காவிட்டால் இறங்கிவிடுகிறேன். இரண்டு தடவை இறங்கி ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் கரண்ட் இல்லை.